பதினாலாம் கேள்வி

பத்தரை மணிக்கு வரச்சொல்லிக் கடிதம். உலகம்மாள் ஒன்பதே முக்காலுக்கே வந்து நடைக்கூடத்து இரும்பு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பயம் பிடித்த அன்றைக்குத்தான் தென்காசி பஸ்ஸும் சொல்லி வைத்தாற்போல நேரத்துக்கு வந்து தொலைக்கும். எதிரே ஒரு கதவு, கதவில் பித்தளைப் பலகை, பலகையில் ‘தாணுமாலயன், பாதுகாப்பு அதிகாரி’ என்று எழுத்து. அதை இதுவரை நாற்பது தரம் வாசித்தாயிற்று. ஒவ்வொரு தரமும் அந்தப் பெயர் கொஞ்சம் கூடுதலாக அவளை முறைத்தது. தரையில் பினாயில் வாசனை, தலைக்கு மேலே ஒரு மின்விசிறி, சுற்றும்போதெல்லாம் ‘டிக், டிக்’ என்றது. அட, உனக்கும் அதே வார்த்தைதானா என்று அவளுக்கு வந்தது. எல்லா வினையும் ஒரு டிக்கில்தானே ஆரம்பித்தது! மலையடிவாரத்தில் இருக்கிற இந்த மத்திய அரசு ஆராய்ச்சி நிலையத்தில் என்ஜின் சோதனைப் பிரிவில் வேலை. எழுத்துத் தேர்வில் பாஸ், நேர்முகத்தில் பாஸ், உடல் பரிசோதனையில் பல் உட்படப் பாஸ். மிச்சம் இருந்தது பாதுகாப்பு ஒப்புதல் ஒன்றுதான். அதற்கு முப்பத்திரண்டு கேள்விகள் உள்ள ஒரு படிவம். பதினாலாம் கேள்வி: எப்போதாவது போதைப்பொருள் பயன்படுத்தியது உண்டா? ‘இல்லை’ கட்டத்தில் டிக். அந்த டிக் பொய். மூன்று வாரம் கழித்துக் கடிதம் வருகிறது: ‘தங்கள் விவரங்களில் முரண்பாடு காணப்படுவதால் நேரில் வரவும்.’ முரண்பாடாம். வேறு என்ன முரண்பாடு இருக்க முடியும்? கண்டுபிடித்துவிட்டார்கள், அவ்வளவுதான், சோலி முடிந்தது.

ஆனால் ஒன்று, அவள் மேல் மட்டும் பழி போடக் கூடாது. அந்தப் படிவத்தை அவள் எங்கே நிரப்பினாள், ஒரு குடும்பமே அல்லவா நிரப்பியது! மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ரிட்டயர் ஆன அப்பா, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, மீட்டர் கார்டைப் படிக்கிற குரலில் ஒவ்வொரு கேள்வியாகப் படிக்கிறார். அவள் எழுதுகிறாள். அம்மா போட்டோவையும் பசையையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். அம்மா முன்னாலேயே படிவத்தின் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி வைத்து எடுத்திருந்தாள். அரசாங்கம் கல்யாணப் பத்திரிகை என்று நினைத்துக்கொள்ளாதா என்று கேட்டால், நல்ல காரியம் எல்லாம் ஒண்ணுதாம்ட்டி என்று பதில். ‘பதினாலு. போதைப்பொருள்…’ என்று அப்பா ஆரம்பித்தார், முழுக்கக்கூடப் படிக்கவில்லை, ‘சே, இதெல்லாம் யார்கிட்ட கேக்கான்! இல்லன்னு போட்டுட்டு அடுத்ததுக்குப் போம்மா’ என்றார். அம்மா வேறு ‘சிவ சிவா’ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்த இடத்தில், அந்த மஞ்சள் மூலைக்குப் பக்கத்தில், எந்த மகராசி ‘ஆம்’ என்று டிக் போடுவாள், சொல்லுங்கள்? பேனா தானாகப் போய் விழுந்தது. படிவம் தபாலில் போன பிறகுதான், நகல் எடுத்து வைத்திருந்ததில், அடியில் பொடி எழுத்தில் இருந்ததை வாசித்தாள்: முன்பு பயன்படுத்தியது என்பதாலேயே தகுதி போகாது, எப்போது, எவ்வளவு, நிறுத்தி எத்தனை காலம் என்பவை பார்க்கப்படும், தகவலை மறைத்தால் தகுதி போகும். அடப் பாவிகளா, இதையல்லவா தலைப்பில் பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும்! குடித்ததற்குத் தண்டனை இல்லையாம், குடிக்கவில்லை என்றதற்குத்தானாம். மூன்று வாரமாக அந்த மூன்று வரியும் அவளுக்குத் தலைகீழாகப் பாடம்.

எப்போது? சொல்லலாம், அது சுலபம். வடக்கே எம்.டெக். படித்த முதல் குளிர்காலம். குற்றாலச் சாரலையே குளிர் என்று நினைத்துக்கொண்டிருந்தவளை மூன்று டிகிரியில் கொண்டு போய் நிறுத்தினால் என்ன ஆகும்? குளித்துவிட்டு வந்தால் தலைமுடியிலிருந்து புகை வரும். பாஷை தெரியாது, சப்பாத்தி இறங்காது, ஐந்து மணிக்கே இருட்டு. அறையில் கூட இருந்தவள் ரீமா, அஸ்ஸாம்காரி, சிரித்தால் கண் காணாமல் போய்விடும். உலகம்மாள் என்ற பெயர் அவள் வாயில் நுழையாமல் ‘உல்கா’ ஆயிற்று. உல்கா என்றால் அங்கே எரிகல்லாம். உலகத்துக்கே அம்மாவாக இருந்தவள் ஒரே வாரத்தில் வானத்திலிருந்து விழுந்த கல் ஆனாள். மனசும் அப்படித்தான் கிடந்தது, சும்மா சொல்லக்கூடாது. ஒரு சனிக்கிழமை சாயந்தரம் மொட்டைமாடியில், குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு, ரீமா நீட்டினாள். கஞ்சா. முதல் இழுப்பில் இருமல், இரண்டாம் இழுப்பில் ஒன்றுமில்லை, மூன்றாவதில் தண்ணீர்த் தொட்டி அவளுக்கு அத்தை முறை ஆகிவிட்டது. தொட்டியிடம் நலம் விசாரித்தாள். சிரிப்பு சிரிப்பாக வந்தது. அந்த ஊருக்கு வந்த பிறகு முதல் சிரிப்பு அது என்பதையும் எழுதத்தான் வேண்டும், ஆனால் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. எத்தனை முறை? இங்கேதான் இடிக்கிறது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை, சனிக்கிழமை சனிக்கிழமை. பரீட்சை வாரங்களும் குளிர்கால லீவும் கழித்தால் பதினொன்று, ரீமா ஊருக்குப் போனதைக் கழித்தால் பத்து, ஹோலிக்குத் தின்ற, கஞ்சா இலை அரைத்துச் சேர்த்த பாங்கு லட்டுவைச் சேர்த்தால் மறுபடி பதினொன்று. பாங்கு சேர்த்தியா இல்லையா? அது விற்ற கடையில் ‘அரசு அனுமதி பெற்றது’ என்று போர்டு தொங்கியது. அரசாங்கமே ஒரு கையால் லட்டு கொடுத்து, மறு கையால் தின்றாயா என்று கேட்டால் எப்படி? பத்தா, பதினொன்றா, பன்னிரண்டா? ஒரு வால்வின் அழுத்தத்தை மூன்று தசம ஸ்தானம் வரை சொல்லத் தெரிந்தவளுக்கு இதை எண்ணத் தெரியவில்லை. நிறுத்தியது மட்டும் நன்றாக ஞாபகம். ஒரு திங்கட்கிழமை சோதனைக்கூடத்தில் நாற்பத்தாறு என்று எழுத வேண்டியதை அறுபத்து நாலு என்று எழுதிவைத்தாள். யாரும் திட்டவில்லை, யாருக்கும் தெரியவும் இல்லை, அவளே கண்டுபிடித்து அவளே அடித்துத் திருத்தினாள். என்ஜின் என்றால் வெடித்திருக்குமே என்று அன்றைக்கு உட்கார்ந்து நடுங்கியவள்தான், அதற்குப் பிறகு மாடிப்பக்கம் போகவில்லை.

“என்ன தாயி, சீக்கிரமே வந்துட்டியோ? டீ குடிக்கியா?”

அலுவலக உதவியாளர் பேச்சிமுத்து, கையில் தூக்குப்போணி. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும் முகம்.

“வேண்டாம் அண்ணாச்சி. உள்ள என்ன கேப்பாவ?”

“உள்ளதத்தான் கேப்பாவ,” என்றார் அவர், டீயை ஊற்றிக்கொண்டே. “போன வாரம் ஒரு தம்பி வந்தான். கையெல்லாம் வெறயலு. என்னடான்னா, காலேஜுல ஸ்டிரைக் பண்ணுனதுக்கு. இம்புட்டுத்தானான்னு அனுப்பி விட்டாவ. பயப்படாத, குடி.”

குடித்தாள். இஞ்சி தூக்கலாக இருந்தது. ஸ்டிரைக் வேறு, இது வேறு அண்ணாச்சி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். எப்படிக் கண்டுபிடித்திருப்பார்கள்? முடி! முடியாகத்தான் இருக்கும். கஞ்சா ரத்தத்தில் நிற்காது, முடியில் நிற்கும் என்று ஒரு நாள் வாசித்துத் தொலைத்தாள். அன்றைக்கே காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டாள். முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும். நிறுத்தி ஐந்து வருஷம் மூன்று மாசம், அறுபத்து மூன்று சென்டிமீட்டர். ஜடையை ஸ்கேல் வைத்து அளந்தால் எழுபது. ஆக, நுனியில் ஏழு சென்டிமீட்டர் அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாளே பியூட்டி பார்லருக்குப் போய், பாதுகாப்புக்கு மூன்று சேர்த்துப் பத்தாக வெட்டிவிட்டு வந்தாள். கல்யாணத்துக்கு நிக்கிற பிள்ளை முடியை வெட்டிட்டு வந்து நிக்கியே என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். சரி, வெட்டியாயிற்று, நிம்மதியா? அதுதான் இல்லை. வெட்டிய முடி எங்கே? பார்லர் குப்பைத்தொட்டியில். ஏன் திடீரென்று வெட்டினாய் என்று கேட்டால்? பொய் சொல்ல ஆரம்பித்தவளுக்குத் தன் ஜடையே உளவாளி. பிறகு ரீமாவுக்கு ‘இல்லை என்று போட்டுவிட்டேன்’ என்று செய்தி அனுப்பினாள். அவள் இப்போது கவுஹாத்தியில் புரபசர், இடுப்பில் ஒரு குழந்தை. சிரிக்கிற பொம்மை முகம் ஏழெட்டு அனுப்பினாள். அனுப்பின பிறகுதான் இவளுக்கு உறைத்தது, இப்போது இதல்லவா எழுத்துமூலமான அத்தாட்சி! அழித்தாள். அழித்ததும், அழித்ததே அத்தாட்சி ஆகுமே என்று அடுத்த பயம். நல்லவேளை, போனை இப்போது வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். இல்லாவிட்டால் இந்த பெஞ்சில் உட்கார்ந்து இன்னும் எதையெல்லாம் அழித்திருப்பாளோ.

இந்த லட்சணத்தில் வீட்டில் மாப்பிள்ளைக் கனவு. இரண்டு வாரத்துக்கு முன்னால் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் தெருமுனைப் பெட்டிக்கடையில் சோடா குடித்துக்கொண்டே ‘போர்மேன் வீட்டுப் பொண்ணு எப்படி?’ என்று விசாரித்தாராம். போதாதா? நம் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருத்தர் தெருமுனையில் நின்று பெண்ணைப் பற்றிக் கேட்டால் அவர் மாப்பிள்ளை வீட்டு ஆள், வேறு யார்? எதிர்வீட்டு ஆவுடைச் சித்தி அவரைத் திக்குமுக்காட வைத்துவிட்டாளாம், அவ்வளவு புகழ்ச்சி. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, இஸ்திரி போடுகிறவர் உட்பட ஒன்பது பேர் ஆளுக்கொரு கை அள்ளி வைத்தார்கள். ஒரு பெண்ணுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்றால் தெரு சும்மா இருக்குமா, என்ன இருந்தாலும் நம்ம தெரு. அம்மா அல்வா வாங்கி வைத்து ஒரு வாரம் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. முடியை வெட்டுனதக் கேள்விப்பட்டிருப்பாவ என்று அதற்கும் இவள் தலையில்தான் பழி. அல்வாவையும் இவள்தான் தின்றாள். அல்வா நினைப்பில் கொஞ்ச நேரம் மனசு இளைப்பாறியது, பிறகு பித்தளைப் பலகை மறுபடி கண்ணில் பட்டது. மறைத்தால் தகுதி போகும். இந்த வேலை போனால் வேறு வேலை இல்லையா? இருக்கிறது, சென்னையில் ஏதாவது கம்பெனி. ஆனால் என்ஜின் இங்கேதான் இருக்கிறது. ஒரு வால்வு திறந்து மூடுவதற்குள் எத்தனை நடக்கிறது என்று ஆயுசு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்குச் சம்மதம். அழுகை வரும்போல இருந்தது. டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

மணி அடித்தது. “போ தாயி,” என்றார் பேச்சிமுத்து.

தாணுமாலயன் சாருக்கு ஐம்பது வயசிருக்கும், பட்டையாக விபூதி. மேஜையில் அவளுடைய படிவம், நாலு மூலையும் மஞ்சளாக. முறைப்பார் என்று எதிர்பார்த்தாள், அவரோ ஏதோ வயிற்றுவலிக்காரர்போல அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உட்காருங்க. நீங்க எம்.டெக். எங்க படிச்சீங்க?”

சொன்னாள்.

“ரெண்டு வருஷம்?”

“ஆமா சார்.”

“அப்ப இதைக் கேளுங்க. எங்க ஆள் உங்க தெருவில விசாரிச்ச அறிக்கை.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். “‘இந்தப் பெண் தென்காசியைத் தாண்டிப் போனதே கிடையாது. வீட்டிலிருந்தபடியே படித்தது. காலை நாலரைக்கு எழுந்து கோலம் போடும். நூறு பேருக்கு ஒற்றை ஆளாகச் சமைக்கும். கரண்டு வேலை எதுவும் தெரியாது, அடக்கமான பிள்ளை.’ ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, ஒன்பது பேர் ஒரே வாயாச் சொல்றாங்க. என்ஜினியர் வேலைக்கு எடுத்திருக்கோம், கரண்டு வேலையே தெரியாதுங்கறாங்க! படிவம் பொய்யா, தெரு பொய்யா? இல்ல, ஒன்பது பேருக்கும் நீங்க சொல்லிக் கொடுத்து வச்சிருக்கீங்களா?”

உலகம்மாளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஓடியது, ஓடி வந்த வேகத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. வெள்ளைச் சட்டை! சோடா! அடக் கடவுளே, அரசாங்கத்தின் உளவு ஆளுக்கா ஆவுடைச் சித்தி பெண் பார்க்கும் படலம் நடத்தி வைத்தாள்! சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் கண்ணில் தண்ணீர். அல்வா வரைக்கும் வந்தபோது தாணுமாலயன் சாரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “எங்க நாகர்கோவில்லயும் இதே கதைதான். எம்பொண்ணுக்கு வீணை வாசிக்கத் தெரியும்னு ஒரு வீட்டுல சொல்லி வச்சிட்டாங்க. வீட்டுல வீணையே கிடையாது,” என்று மேஜையைத் தட்டிச் சிரித்தார். மதிப்பெண் பட்டியலைச் சரிபார்த்தார், ஒரு ஓரத்தில் எழுதினார், கோப்பை மூடினார். “சரி, முடிஞ்சுது. நீங்க போகலாம். ஒப்புதல் ரெண்டு வாரத்துல வந்திரும்.”

இம்புட்டுத்தானா? எழுந்தாள். கும்பிட்டாள். கதவு நாலு எட்டில். முதல் எட்டில் மனசு தாவிக் குதித்தது: தப்பித்தாய் மகளே, ஓடு! இரண்டாம் எட்டில்: யாருக்கும் தெரியாது, இனிமேல் தெரியவும் போவதில்லை. மூன்றாம் எட்டில் அது சறுக்கியது. யாருக்கும் தெரியாது. நாற்பத்தாறை அறுபத்து நாலு என்று எழுதியதுகூட யாருக்கும் தெரியாமல்தான் இருந்தது. இந்த மனுஷர் இப்போதுதான் நம்பினார், சிரித்துக்கொண்டே நம்பினார். முறைத்திருந்தாலாவது ஓடிப்போயிருக்கலாம். நாளைக்கு ஒரு வால்வுக்கு முன்னால் நின்று, இந்த அளவு சரி என்று கையெழுத்துப் போடும்போது எந்தக் கையால் போடுவது? போ, போ என்றது மனசு. கால் நின்றுவிட்டது. சீ, இந்தக் காலை என்ன செய்வது!

“சார், பதினாலாம் கேள்விக்கு நான் போட்ட பதில் தப்பு.”

அவர் கோப்பைத் திறக்கவில்லை. அவளையே பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னாள்: குளிர், மாடி, சனிக்கிழமை, பத்தோ பதினொன்றோ, லட்டு, நிறுத்தியது, அப்பா படித்தது, மஞ்சள். முடி வெட்டியதையும் சொன்னாள். அங்கே மட்டும் அவர் உதடு லேசாக அசைந்தது.

“நான்தான் போகச் சொல்லிட்டேனே. ஏன் திரும்புனீங்க?”

“தெரியல சார். கதவு திறக்க வரல.”

அவர் அச்சடித்த ஒரு புதுத் தாளை எடுத்து வைத்தார். “இதை எழுதிக் கொடுங்க. ரெண்டு வாரம்னு சொன்னேன்ல, இனி மூணு மாசம் ஆகும். குழு பார்க்கும். அஞ்சு வருஷத்துக்கு முந்தினது, நிறுத்தியாச்சு, நீங்களே வந்து சொன்னீங்க, இதெல்லாம் உங்க பக்கம். படிவத்துல பொய் சொன்னது எதிர்ப்பக்கம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.” தாளின் அடியைத் தொட்டுக் காட்டினார். “கடைசியில ஒரு கட்டம் இருக்கு பாருங்க. வீட்டுல தெரியுமா?”

“ஐயோ, தெரியாது சார்.”

“அதுதான் சிக்கல். நீங்க புகைச்சது எங்களுக்குப் பெரிய விஷயம் இல்ல. நாளைக்கு ஒருத்தன் வந்து, அந்த வரைபடத்தைக் கொடு, இல்லன்னா உங்க வீட்டுல சொல்லிருவேன்னு நிப்பான் பாருங்க, அதுதான் விஷயம். நாட்டுக்குச் சொல்லியாச்சு. வீட்டுக்குச் சொல்லாத வரைக்கும் அவன் கையில ஒரு பிடி இருக்கு.” மேஜைமேல் இருந்த போனை அவள் பக்கம் தள்ளினார். “பேசிட்டுக் கையெழுத்துப் போடுங்க. நான் வெளியே டீ குடிச்சிட்டு வரேன்.”

நாடு எவ்வளவு லேசாகப் போயிற்று! மிச்சம் வீடுதான். எண்ணை அழுத்தினாள்.

“யாரு?”

“நாந்தாம்மா. ஆபீஸ் போனு.”

“முடிஞ்சுட்டா? நல்ல சேதிதானட்டி?”

“அம்மா, ஒண்ணு சொல்லுதேன். வையாத. வடக்க படிக்கும்போது நான் கஞ்சா குடிச்சேன்.”

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்தது. இரண்டாவதும் அடித்தது.

“எந்தக் கஞ்சா?”

“எந்தக் கஞ்சான்னா? ஒரே கஞ்சாதாம்மா இருக்கு.”

“எப்பம்?”

“அந்த மொதக் குளிர்ல. ஒவ்வொரு சனிக்கிழமை சாயந்தரமும். இப்பம் இல்லம்மா, அப்பவே விட்டுட்டேன், சத்தியமா.”

வசவு வரும் என்று காதைச் சற்றுத் தள்ளி வைத்தாள். வரவில்லை. அம்மா அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

“வள்ளியூர்ப் பெரியம்மா போனது ஒரு சனிக்கிழமை சாயந்தரம்லா,” என்றாள் அம்மா.

“தெரியும்மா. அப்பாதான ஞாயித்துக்கிழமை காலைல சொன்னாவ. எம்புட்டு அழுதேன்!”

“இல்லட்டி. அதுக்கு முன்னாடி, சனிக்கிழமை ராவே நாந்தான் ஒனக்குப் போன் போட்டேன். அக்கா போயிட்டாட்டின்னு அழுதேன். நீ சிரிச்ச. விழுந்து விழுந்து சிரிச்ச. நான் வச்சிட்டேன். ஒங்கப்பாகிட்டகூடச் சொல்லல. விடிஞ்ச பொறவு, நீங்க பேசுங்கன்னு அவியகிட்ட போனைக் கொடுத்துட்டு அந்தாக்குல அடுக்களைக்குப் போயிட்டேன்.”

உலகம்மாள் தேடினாள். அப்படி ஒரு போன் அவள் ஞாபகத்தில் எங்கேயும் இல்லை. மாடி இருந்தது, குல்லாய் இருந்தது, அந்தக் குரல் மட்டும் இல்லை. “அம்மா… எனக்குத் தெரியவே தெரியாதும்மா. ஏம்மா நீ ஒருநாள்கூடக் கேக்கல?”

“என்னத்தக் கேக்க? எம்பிள்ளைக்கு நெஞ்சுல ஈரமே இல்லாமப் போச்சேன்னு அஞ்சு வருசமா உள்ளுக்குள்ளயே வச்சுக் கருகிட்டுக் கெடந்தேன். யாராவது மாப்பிள்ளை பாக்க வாராவன்னாக்கூட எனக்குத் திக்குன்னுதான் இருக்கும். போற வீட்டுல யாரு சாவுக்குச் சிரிச்சு வைக்கப் போறாளோன்னு…” குரல் உடைந்தது. அழுகிறாள் என்று நினைத்தாள். அழுகைதான், ஆனால் அதற்குள்ளிருந்து வேறொன்று பொத்துக்கொண்டு வந்தது. “கஞ்சாவாட்டி! வெறும் கஞ்சாவா! அட மூதேவி, இத அப்பவே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன!”

“அம்மா, வேலை கெடைக்குமான்னு தெரியல.”

“கெடச்சா கெடைக்கட்டும், கெடைக்காட்டா போவட்டும். வீட்டுக்கு வா, வெளக்குமாத்தால சாத்துதேன். சாப்பிட்டியா?”

“இல்ல.”

“கத்திரிக்காப் புளிக்குழம்புதான். நேரா வந்து சேரு. அந்த ஆபீசர் பேரு என்னட்டி?”

“தாணுமாலயன்.”

“பிள்ளகுட்டியோட நல்லா இருக்கட்டும்,” என்றாள் அம்மா.

உலகம்மாள் போனை வைத்தாள். முகத்தைத் துப்பட்டாவில் அழுத்தித் துடைத்துக்கொண்டு, கடைசிக் கட்டத்தில் ‘தெரியும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.